கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள்

ஆகஸ்ட் 5

பாப்பா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். படத்தில் பார்த்தேன்.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் உன் கண்ணாடிக் கடைக்கு யாராவது வந்துவிடுவார்கள், "அப்புறம் பேசறேன்க்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எங்கள் டிப்போவின் மீசைக்காரர் நாளைக் காலை தலைநகர் வண்டியை எடுக்கிறார். அவரிடமே கொடுத்து உன் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வாலு அனுப்பிய படம் வந்தது. விடுதலைத் தூணுக்கு முன்னால் நீயும் அவளும் நிற்கிறீர்கள். உன் நீலச் சட்டை அவள் மேல் இருக்கிறது. அவள் முடி தோளுக்கு மேலேயே நின்றுவிட்டது. முதலில் யாரோ வேறு பெண் என்று நினைத்து, பின்னால் கூட்டத்தில் எங்காவது என் மகள் நிற்கிறாளா என்று தேடினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே தேடினேன்.

உன் அத்தானிடம் காட்டினேன். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "படம் நல்லா வந்திருக்கே" என்றார். பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதுகிற மனிதரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது என் தப்பு.

அன்று சாயங்காலம் வாலு போன் செய்தாள். வேடிக்கைக் கதை சொல்வது போலச் சொன்னாள். "அங்க ஒரு போட்டோக்காரர் இருந்தாரும்மா. அம்மாவும் பொண்ணும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கன்னு சொன்னார்." சித்தி அதற்கு என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. நெருங்கி நின்னுச்சு" என்றாள்.

ஏன் ஒன்றும் சொல்லவில்லை, பாப்பா? "நான் சித்தி" என்று சொல்ல எவ்வளவு மூச்சு செலவாகும்?

அந்தத் தூண் எனக்கும் அவளுக்கும் இடையே உள்ள விஷயம். அவள் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அதன் படம் இருந்தது. பார்த்து வரைந்துகொண்டு வந்தாள். நான் மெழுகுவர்த்தியா என்று கேட்டுவிட்டேன். அழுகையான அழுகை. அன்றைக்குத்தான், "அழாதே, அம்மாவே உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்" என்று சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் சுதந்திர தினத்துக்குக் கிளம்பலாம் என்று நினைப்பேன். சுதந்திர தினம் என்றால் டிப்போவில் கூடுதல் வண்டி, யாருக்கும் விடுப்பு கிடையாது. 'தலைநகர் செல்லும் பயணிகள் இரண்டாம் நடைமேடைக்கு வரவும்' என்று தொண்டை கட்டும்வரை ஒலிபெருக்கியில் கத்தி, இந்த ஊரையே அந்தத் தூணைப் பார்க்க அனுப்பிவைத்தவள் நான். என் பெண்ணை மட்டும் அனுப்பவில்லை. இந்த ஜூனில் அவள் உன் வீட்டில் தங்கி இயன்முறை மருத்துவம் படிக்கக் கிளம்பும்போதுகூட, எங்கே வேண்டுமானாலும் சுற்று, அந்தத் தூணுக்கு மட்டும் நான் வந்த பிறகு போகலாம் என்று சொல்லி அனுப்பினேன். அதை உன்னிடம் சொன்னாளாம். தெரிந்தும் கூட்டிப்போயிருக்கிறாய்.

இன்னொன்று. உன்னை அவள் எப்போதும் 'நீங்க' என்றுதான் சொல்வாள். இப்போது போனில் பேசும்போது பக்கத்தில் நின்ற உன்னிடம், "சித்தி, நீ கொஞ்சம் சும்மா இரு" என்கிறாள். இத்தனை வருஷமாக அந்த 'நீ' எனக்கு மட்டும்தான் இருந்தது.

பதில் எழுது. மீசைக்காரர் மறுநாள்தான் திரும்புகிறார். அவரிடமே கொடு.

அக்கா


ஆகஸ்ட் 7

அக்கா,

மீசைக்காரர் கடைக்கு வந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "அக்கா முகம் சரியில்ல, பாத்துப் பதில் எழுதுங்க" என்றார். கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் நான்கைந்து பேர் காத்திருக்கிறார்கள். உதவிக்கு இருக்கிற பெண்ணிடம் விட்டுவிட்டு, உள்ளறையில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து நடுங்கினால் இயந்திரத்தால்தான் என்று வைத்துக்கொள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். முந்தின நாள் அவளுக்கு உடற்கூறு செய்முறைத் தேர்வு நடந்தது. எலும்புகளை மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் பெயர் கேட்டிருக்கிறார்கள். பயத்தில் எல்லாம் மறந்துபோய்த் தோற்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சாப்பிடவில்லை. மறுநாளும் போர்வைக்குள்ளேயே கிடந்தவளை, காற்று வாங்கிவிட்டு வரலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன். தூண் நிற்கிற சதுக்கம் வழியாகத்தான் பேருந்து போகும். அவளேதான் இறங்கினாள். வாசலில் நின்றுகொண்டு, "அம்மாகூட வரணும்னு இருந்தேன்" என்றாள். அப்படியானால் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு டிக்கெட் வரிசையில் போய் நின்றாள். அவள் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்துவரச் சொல்கிறாயா? தேர்வு முடிந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் தானாக ஒரு காரியம் செய்தாள். நான் பின்னால் போனேன்.

தோற்றதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டேன். அவளைத் திட்டாதே.

முடியை வெட்டியது அவள் முடிவு. கல்லூரி வாசலிலேயே ஒரு கடையில் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். நானும் கத்தினேன். 'நீ' என்று கூப்பிடுவது சமையலறையில் கரப்பான்பூச்சிக்குப் பயந்து நான் நாற்காலி மேல் ஏறி நின்ற நாளிலிருந்து. அதன் பிறகு மரியாதை எங்கிருந்து வரும்.

இனி அந்தப் போட்டோக்காரர். கூட்டத்தில் காதில் விழவில்லை என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். எழுத மாட்டேன். நன்றாகவே காதில் விழுந்தது. திருத்தவில்லை. திருத்தத் தோன்றவில்லை. யாரோ முன்பின் தெரியாத மனிதர், எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, சந்தேகமே இல்லாமல் அப்படிச் சொன்னார். இந்த வயதுவரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டது கிடையாது. கல்யாணம் வேண்டாம் என்றது நான்தான், அதற்காக இன்றைக்கும் வருத்தப்படவில்லை. ஆனால் அந்த நிமிஷம் நன்றாக இருந்தது, அக்கா. உனக்குக் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அந்தப் பெயர்தான். எனக்குக் கிடைத்த ஒரே ஒரு நிமிஷத்துக்கு வந்து கணக்குக் கேட்கிறாய்.

நீ உன் எரிச்சலைச் சொன்னாய், நானும் ஒன்று சொல்கிறேன். அம்மா போனபோது எனக்கு விவரம் தெரியாது. எனக்குத் தலை வாரியதும், காய்ச்சலுக்குப் பக்கத்தில் படுத்ததும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும் நீ. வாலு பிறந்த அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வெந்நீர் பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை நின்றேன். உள்ளே விட்டார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, "கதவைச் சாத்து, காத்து வருது" என்றாய். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தை மேல் எனக்கு எவ்வளவு பொறாமை வந்தது என்று உனக்குத் தெரியாது. அவள் உன்னை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள். அவளை நான் எடுத்துக்கொண்டதாக இப்போது நீ சொல்கிறாய்.

இயந்திரம் நின்றுவிட்டது. ஆட்கள் கூப்பிடுகிறார்கள்.

பாப்பா


ஆகஸ்ட் 11

பாப்பா,

அவள் தோற்றது உனக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுதது உனக்குக் கேட்டிருக்கிறது. நான் இங்கே ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து ஊரார் தொலைத்த குடைக்கும் பைக்கும் அறிவிப்புச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். உன் கடிதத்தில் மற்ற எதையும் என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

கல்லூரி விடுதியில் இடம் கேட்டு எழுதியிருந்தேன். கிடைத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் அவள் அங்கே போகட்டும். சாமான்களைக் கட்டிக் கொடு.

சித்தி என்றால் சின்ன அம்மா என்றுதான் பொருள். சின்ன என்கிற சொல் அதில் முன்னாலேயே நிற்கிறது. அதை நீ மறந்துவிட்டாய். அம்மாவாக இருந்து பார்க்க ஆசை இருந்தால் அதற்கு வேறு வழி இருந்தது. அடுத்தவள் பெற்றதை வாங்கிவைத்துக்கொள்வது வழி இல்லை.

அக்கா


செப்டம்பர் 22

அக்கா,

இத்தனை நாள் எழுதவில்லை. மீசைக்காரர் கடை வழியாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். இல்லை என்று தலையை ஆட்டுவேன். உன் கடைசிக் கடிதத்தின் கடைசி வரிகளுக்கு என்ன பதில் எழுத முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை. அதற்காக இதை எழுதவில்லை.

வாலு போனதைச் சொல்கிறேன். நீ போனில் அவளிடம் பேசியது என்ன என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டும்போது என்னோடு பேசவும் இல்லை. விடுதிக்குக் கொண்டுபோய் விட்டேன். வாசலில் பெட்டியை வாங்கிக்கொண்டு, "நாட்டுக்கே விடுதலை கெடச்சாச்சு. எனக்கு எப்ப சித்தி, உங்க ரெண்டு பேர்கிட்டருந்து?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அதன் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை. கூப்பிட்டால் படிப்பு இருக்கிறது என்கிறாள்.

அவள் படுத்த அறையில் துணி காயப்போடும் கொடி அப்படியே இருக்கிறது. அதை அவிழ்க்கவில்லை. நாலாவது மாடிக்கு ஏறி வந்து கதவைத் திறந்தால், நான் காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. முன்பெல்லாம் இப்படித்தான் இருந்தது. அப்போது எனக்கு அது தெரிந்ததே இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் சதுக்கத்துக்குப் போனேன். ஏன் அங்கே என்று நீ கேட்க மாட்டாய். தூணைச் சுற்றி எப்போதும்போலக் கூட்டம். காவலுக்கு நிற்கிற சிப்பாய்கள், புறாக்களுக்குத் தானியம் போடுகிற குழந்தைகள், அந்தப் போட்டோக்காரர் எல்லாரும் இருந்தார்கள். வாலுவும் இருந்தாள்.

தனியாக இல்லை. அறைத் தோழி ஒருத்தி, தோழியின் அம்மா. மகளைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்திருக்கிறாள் போலிருக்கிறது. கொஞ்சம் பருமன், கையில் மஞ்சள் கைப்பை, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிற குரல். படிக்கட்டில் உட்கார்ந்து மூன்று பேரும் ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நம் வாலுவின் மோவாயில் ஏதோ ஒட்டியிருந்தது. அந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்து, பேச்சை நிறுத்தாமலே, அதைத் துடைத்துவிட்டாள். வாலுவும் பேச்சை நிறுத்தாமலே முகத்தை நீட்டினாள்.

நான் ஒரு கொடிக்கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றேன். கொடிக்கம்பம் எவ்வளவு மறைக்கும்? காவல் சிப்பாய் ஒருவர் கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர்கள் எழுந்து படம் எடுத்துக்கொண்டார்கள். போட்டோக்காரர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்த அம்மாள் இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை போட்டு இரண்டு பெண்களையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

வயிறு எரிந்தது, அக்கா. நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்க அந்த மஞ்சள் கைப்பையைத் திட்டிக்கொண்டு வந்தேன். முன்பின் தெரியாத, எந்தத் தப்பும் செய்யாத ஒரு மனுஷியை. வந்து உன் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். உன் மேல் எனக்குள்ள கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். போகவில்லை. ஆனால் உனக்கு எங்கே வலித்தது என்று இப்போது தெரியும்.

பாப்பா


செப்டம்பர் 24

பாப்பா,

யார் அவள்? எந்த ஊர்? இங்கேயிருந்து போகிற வண்டியில்தான் போனாளா? எங்கள் டிப்போவில் ஏறியிருந்தால் நானே ஒலிபெருக்கியில் கூப்பிட்டு ஏற்றிவிட்டிருப்பேன் என்று நினைக்கும்போது தூக்கம் வரவில்லை. வயது என்ன இருக்கும்? என்னைவிடச் சின்னவளா? என்ன சாப்பிடக் கொடுத்தாள்? வாலு கண்டதைச் சாப்பிட்டால் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியுமா?

கைக்குட்டை சுத்தமாக இருந்ததா என்றாவது பார்த்தாயா?

உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். "பரவாயில்லையே, நம்ம பொண்ணு எங்க போனாலும் பொழச்சுக்குவா" என்றார். அவருக்கு இன்றைக்கு இரவுச் சாப்பாடு நேரம் கழித்துத்தான் கிடைத்தது.

உன் வீட்டில் இருந்தவரை, அவள் உன்னிடம் இருக்கிறாள் என்பதால் எனக்கு எரிந்தது. இப்போதுதான் தெரிகிறது, உன்னிடம் இருந்ததால்தான் நிம்மதியாகவும் இருந்திருக்கிறேன். விடுதிக்கு அனுப்பியது நானே. யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகஸ்டில் எழுதிய கடிதத்தில் சித்தி என்கிற சொல்லைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த இடத்தை அடித்துவிடு. மை போட்டு நன்றாக அடி. என் கையாலேயே அடிக்க வேண்டும் என்றால் நான் வரும்போது எடுத்துவை.

வருகிறேன். விடுப்புக் கேட்டேன். டிப்போ மேலாளர், இத்தனை வருஷத்தில் நீங்கள் தலைநகருக்கு விடுப்புக் கேட்பது இதுதான் முதல் தடவை என்று ஆச்சரியப்பட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த சனிக்கிழமை மீசைக்காரர் வண்டியில், முன் இருக்கை.

அக்கா


அக்டோபர் 8

பாப்பா,

ஊர் வந்து சேர்ந்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வண்டியில் வரும்போது உன்னிடம் பேசாமல் விட்டதெல்லாம் நினைவு வந்தது. எழுதிவிடுகிறேன்.

தூண் வாசலில் டிக்கெட் வாங்கிய பிறகு, "நீங்க ரெண்டு பேரும் மேல போங்க, நான் பையெல்லாம் பாத்துக்கறேன்" என்று சொன்னாயே. பை வைக்க அங்கே தனி அறை இருக்கிறது, வாசலிலேயே பெரிதாக எழுதிப்போட்டிருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாதா? தெரிந்தும் உன்னை வா என்று கூப்பிடவில்லை. அவளோடு தனியாகப் போக வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. நீ கொடுத்தாய், நான் வாங்கிக்கொண்டேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேலே நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

லிப்ட் பழுது. படிகள் குறுகல், சுவரெல்லாம் ஈரம், புறா எச்ச வாடை. பாதியில் என் முழங்கால் மக்கர் செய்தது. வாலு என்னைப் படியில் உட்காரவைத்து, எதிரே மண்டியிட்டு, என் காலை எடுத்துத் தன் தொடை மேல் வைத்துக்கொண்டாள். முட்டியைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்து ஏதோ ஒரு எலும்பின் பெயரைச் சொன்னாள், தசையின் பெயரைச் சொன்னாள். "இப்ப மெதுவா நீட்டு. வலிச்சா சொல்லு" என்றாள். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை. யாரோ ஒரு டாக்டரம்மா குரல். மேலேயிருந்து இறங்கி வந்தவர்கள் எங்களுக்காகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள். அந்த எலும்புகளைத்தான் மறந்துபோய்த் தோற்றாளா என்று கேட்டேன். "ஆமா. ஆனா இப்ப பாஸ் பண்ணிட்டேன். சித்தி சொல்லலையா?" என்றாள். நீ சொல்லவில்லை. அவளே சொல்லட்டும் என்று விட்டுவைத்திருந்தாய்.

உச்சியில் போய் நின்றோம். உண்மையைச் சொன்னால் எனக்கு, இவ்வளவுதானா என்று இருந்தது. எத்தனை வருஷமாக எத்தனை பேரை அனுப்பிவைத்திருக்கிறேன். கல்தூண், கம்பி, காற்று, அவ்வளவுதான். ஆனால் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊரையே தான் கட்டியதுபோல ஒவ்வொன்றாகக் காட்டினாள். அது என் காலேஜ், அது ஹாஸ்டல், அதோ அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சித்தி வீடு. கீழே பார்த்தேன். திண்டில் நீ உட்கார்ந்திருந்தாய். மூன்று பையையும் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாய். மேலிருந்து பார்க்க ரொம்பச் சின்னதாகத் தெரிந்தாய். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் நான் வருகிறவரைக்கும் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அப்படி இருந்தது.

அவளிடம் கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன். "அந்தப் போட்டோக்காரர் சொன்னப்ப, நீயாவது அது எங்க அம்மா இல்லன்னு சொல்லியிருக்கலாமே?"

அவள் கீழே உன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்லத்தான் வாயைத் தெறந்தேன்மா. சித்தி முகத்தைப் பாத்தேன். சொல்லல."

எனக்கு என்ன தோன்றியது என்று எழுதுகிறேன், நீ சிரிக்காதே. இப்படி ஒரு பெண்ணைப் பெற்றிருக்கிறேனே என்று ஒரு பக்கம். உன் முகத்தில் அன்றைக்கு என்ன இருந்தது, அதை அவள் பார்த்தாள், நான் பார்க்கவில்லையே என்று இன்னொரு பக்கம். எனக்கு அந்தப் பெயர் பிரசவ வலியோடு வந்தது. பால் கட்டியது, தூக்கம் போனது, அதற்கு நடுவில் எப்போது அம்மா ஆனேன் என்று எனக்கே தெரியாது. உனக்கு அது வெயிலில், வெட்டவெளியில், யாரோ சொல்லி ஒரே நிமிஷத்தில் கிடைத்தது. அந்த நிமிஷத்தின் மேல் எனக்குப் பொறாமை. திட்டுவதானால் திட்டிக்கொள்.

உன் வீட்டுக்கே திரும்பிப் போகச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள். "ஹாஸ்டல் எனக்குப் புடிச்சிருக்கு. நீ அனுப்பினதால இல்ல, எனக்கே புடிச்சிருக்கு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உன்னிடம் வருவாளாம்.

விடுதி வாசலில் அந்த மஞ்சள் கைப்பையைப் பார்த்தோமே, மகளை விட்டுப்போக மனசு வராமல் இன்னும் ஊருக்குத் திரும்பாமல் இருப்பவள். எவ்வளவு நல்ல மாதிரியாகப் பேசினாள். பாவம், புருஷன் இல்லாமல் தனியாக வளர்த்திருக்கிறாள். எல்லாம் சரி. இருந்தாலும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. உனக்கும் பிடிக்கவில்லை என்று படுத்த பிறகு இருட்டில் நீ சொன்னபோதுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஒன்று கேட்கிறேன். கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. இங்கிருந்து அவள் கிளம்பும்வரை அவளைப் பற்றி எல்லாம் எனக்குத் தெரியும். இனிமேல் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வந்தால் எனக்கு எழுது. ஒன்று விடாமல் எழுது.

அக்கா


அக்டோபர் 20

அக்கா,

நேற்று வந்தாள். நீ கேட்டபடி எழுதுகிறேன்.

காலையில் ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வந்தாள். விடுதியில் தண்ணீர் நின்று நின்று வருகிறதாம். மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டு நேரே போய்ப் படுத்தாள். மத்தியானம்வரை தூங்கினாள். முடி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. இனி வளர்க்கப்போவதாகச் சொல்லவில்லை, வெட்டப்போவதாகவும் சொல்லவில்லை. சாப்பிடும்போது இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தொண்டை நன்றாக இருக்கிறது. முழங்காலுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை நீ செய்யவில்லை என்று அத்தான் அவளிடம் கோள் சொல்லியிருக்கிறார். எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

பிறகு கடைக்கு வர ஆசைப்பட்டாள். ஞாயிறு, கடை மூடியிருந்தது. திறந்து காட்டினேன். எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்துக் கண்ணைச் சோதித்தேன். இடது கண்ணில் லேசான குறை. பயப்படாதே, படிக்கும்போது மட்டும் போட்டுக்கொண்டால் போதும். கண்ணாடிச் சட்டம் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு என்னைப் பார்ப்பாள், நான் வேண்டாம் என்று தலையை ஆட்டுவேன். கடைசியில் நான் வேண்டாம் என்ற ஒன்றையே எடுத்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் கடையில் சத்தமாகச் சிரித்தேன்.

நீ மேலே இருந்தபோது நான் கீழே என்ன செய்தேன் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். உச்சியில் தெரிந்த தலைகளில் எது நீ, எது அவள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்தவர்களின் பார்வையைச் சரிசெய்கிறவள் நான். கோபத்தில் எல்லாத் தலைகளையும் முறைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இறங்கி வந்தபோது அவள் கை உன் கையைக் கோத்திருந்தது. நான் பையைக் கொடுக்கிற சாக்கில் அந்தக் கையைப் பிரித்துவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் கடித வரிகளை அடிக்கவில்லை. நீ வந்தபோது எடுத்துத்தான் வைத்திருந்தேன், ஆனால் நீயும் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. இருக்கட்டும்.

சாயங்காலம் துணி மூட்டையோடு பேருந்து நிறுத்தம்வரை கூட்டிப்போனேன். வண்டி வந்தது. ஏறும் முன் திரும்பி வந்து என் காதோடு ஒன்று சொன்னாள். பிறகு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

ஒன்று விடாமல் எழுது என்றாய். எழுதிவிட்டேன். அது ஒன்றை மட்டும் எழுத மாட்டேன். அது எனக்கு.

பாப்பா


அக்டோபர் 22

பாப்பா,

உன் கடிதத்தை ஒலிபெருக்கி அறையிலேயே நின்றுகொண்டு படித்தேன். கடைசி வரிகளைப் படித்ததும் இரண்டு வண்டிகளை நடைமேடை மாற்றி அறிவித்துவிட்டேன். பாதிப் பயணிகள் அங்கும் இங்கும் ஓடினார்கள். மீசைக்காரர் வந்து, "தங்கச்சிகிட்டருந்து நல்ல சேதிதானே?" என்று கேட்டார்.

வாலுவுக்குப் போன் செய்து, பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தேன். "அது சித்திக்குச் சொன்னதும்மா" என்று சிரிக்கிறாள். உன் அத்தானைவிட்டுக் கேட்கச் சொன்னேன். அவரிடமும் சொல்லவில்லை.

கண்ணாடி, துணி, முடி எல்லாம் எழுதியதற்குச் சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். இரண்டு தடவை படித்தேன். ஆனால் அந்த ஒன்று இல்லாமல் எனக்கு மற்றது எதுவும் ஒட்டவில்லை.

எழுத மாட்டாய் என்று தெரியும். அதனால் சனிக்கிழமை நானே வருகிறேன். விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. நேரில் முகத்தைப் பார்த்துக் கேட்டால் சின்ன வயதிலிருந்து உன்னால் எதையும் மறைக்க முடிந்ததில்லை.

வாலுவிடம் சொல்லாதே. இது நமக்குள்ளே இருக்கட்டும்.

அக்கா